எது முதலில் எழ வேண்டும் என்று நள்ளிரவில் என்னிடம் கேட்காதீர்கள்

பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், பதிவாளர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு அண்மையில் ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. பணியில் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. அப்போது எழுதியிருந்தால் 'மேலிடத்துக்கே பாடம் எடுக்கிறான்' என்று ஆகியிருக்கும். இப்போது அந்தக் கவலை இல்லை.

'பேரிடர் மீட்பு மற்றும் பணித் தொடர்ச்சித் திட்டம்' என்ற பெயரில் உங்கள் அலுவலகத்திலும் ஒரு கோப்பு இருக்கும். தணிக்கையில் கேட்பார்கள், தர மதிப்பீட்டுக் குழு வந்தாலும் கேட்பார்கள் என்பதற்காகத் தயாரானது. எங்களுடையது 84 பக்கம். அட்டை அழகாக இருந்தது. முன்னால் நோக்கமும் வரையறைகளும், பின்னால் கையெழுத்துகள். அந்தக் கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று. அதனால் இதைப் புகார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தத் திட்டம் உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரு இரவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு 11.40-க்கு என் கைபேசி அடித்தது. எங்கள் கட்டடத்தின் இரவுக் காவலாளி. "சார், உங்க மெஷின் ரூம்ல இருந்து ஏதோ விடாம கூவுது சார். கதவுக்கு அடியில தண்ணி வருது." என் எண் எப்படிக் கிடைத்தது என்று அப்புறம்தான் கேட்டேன். அவருக்கு முன்னால் இருந்த காவலாளி, அறைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாராம்: 'கம்ப்யூட்டர் சார்' என்று போட்டு, பக்கத்தில் பத்து இலக்கம்.

ஏசியின் கழிவுநீர்க் குழாய் அடைத்து, தண்ணீர் மேல்கூரைத் தட்டியில் தேங்கி, எல்லா சர்வர்களின் தரவும் இருந்த சேமிப்பகப் பெட்டியின் மேலேயே சொட்டியிருந்தது. வெள்ளம், நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் எங்கள் திட்டத்தில் தனித்தனி அத்தியாயம் உண்டு. விரல் நுழையும் அளவு குழாய்க்கு அதில் இடமில்லை.

சரி, திட்டத்தை எடுப்போம் என்றால், அதன் மென்பிரதி இருந்தது அந்தச் சேமிப்பகத்தில்தான். அச்சுப்பிரதி பதிவாளர் அலுவலக பீரோவில். பீரோ சாவி கண்காணிப்பாளரிடம். அவர் வெளியூரில். யாரோ ஒருவரின் மின்னஞ்சலில் பழைய பிரதி ஒன்று கிடைத்தபோது மணி அதிகாலை 2. அதில் 'அவசரத் தொடர்பு' என்ற தலைப்பின் கீழ் இருந்த முதல் எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் எங்கள் பழைய மின்பொறியாளர். "தம்பி, நான் ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. பரவாயில்ல, சொல்லு, என்ன ஆச்சு?" என்றார். அந்த அறையின் மின் இணைப்பை எங்கே துண்டிக்க வேண்டும் என்று அவர்தான் தொலைபேசியிலேயே வழிகாட்டினார். அன்றிரவு அந்த 84 பக்கத்தால் கிடைத்த ஒரே பலன் அது. அதுவும் அவருடைய நல்ல மனதால்.

விடிந்ததும் அழைப்புகள் தொடங்கின. நிதி அலுவலர்: திங்கட்கிழமை சம்பளம் போக வேண்டும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்: திங்கட்கிழமை காலை தேர்வு, ஹால் டிக்கெட் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஒரு புலத்தலைவர்: ஆய்வு நிதி விண்ணப்பத்துக்கு ஞாயிறு நள்ளிரவுதான் கடைசி, கோப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. விடுதிக் காப்பாளர், நூலகர், இன்னும் சிலர். ஒவ்வொருவரும் சொன்னது நியாயம். ஆனால் என்னிடம் நனையாமல் மிச்சமிருந்த வட்டுகள் கொஞ்சம்தான். ஒரு நேரத்தில் ஒரு அமைப்பைத்தான் காப்புப் பிரதியிலிருந்து மீட்டு ஏற்ற முடியும், அதற்கே பல மணி நேரம் பிடிக்கும்.

எதை முதலில் ஏற்றுவது என்று யாரிடம் கேட்பது? துணைவேந்தர் விமானத்தில் இருந்தார். பதிவாளர், "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்றார். பார்த்துச் செய்தேன். நிதி அலுவலர்தான் அதிக தடவை அழைத்திருந்தார். அதனால் சம்பளத்தை முதலில் எடுத்தேன். இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை.

சம்பள மென்பொருள் சனிக்கிழமை இரவு எழுந்தது. யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சர்வரும் அதே சேமிப்பகத்தில் இருந்தது என்பதும், அது எழாமல் எது எழுந்தும் பயனில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூக்கமில்லாத மண்டைக்கு உறைக்கவில்லை. அதில் இன்னும் ஆறு மணி நேரம் போனது. திங்கட்கிழமை காலை தேர்வு மையங்களில் மாணவர்கள் ஹால் டிக்கெட் இல்லாமல் நின்றார்கள். அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைக் கையால் எழுதி உள்ளே அனுப்பினார்கள். தேர்வு ஒன்றரை மணி நேரம் தாமதமானது. ஒத்திவைக்கலாமா என்றால், அதற்கு அதிகாரம் துணைவேந்தருக்கு மட்டும்தான். அவர் இல்லாதபோது யாருக்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நிதிப்பிரிவில் இருந்த ஒரு இளநிலை உதவியாளர் போகிற போக்கில் சொன்னார்: "சார், போன மாசம் வங்கிக்கு அனுப்பின ஃபைலையே இந்த மாசமும் அனுப்பியிருக்கலாமே. வித்தியாசத்தை அடுத்த மாசம் சரிபண்ணிக்கலாம்." கேட்டதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. சம்பளத்துக்கு ஒரு மாற்றுவழி இருந்தது, ஹால் டிக்கெட்டுக்கு இல்லை. இது தெரிந்திருந்தால் வரிசையே தலைகீழாக மாறியிருக்கும். தெரிந்தவர் எங்கள் திட்டக் குழுவில் இல்லை. பதவியால் அவர் மிகச் சிறியவர்.

உங்களிடம் நான் கேட்க வந்தது இதைத்தான். எது முதலில் எழ வேண்டும், எது காத்திருக்கலாம், எவ்வளவு இழப்பைத் தாங்குவோம் என்ற முடிவுகளைப் பகல் வெளிச்சத்தில், கூட்டம் போட்டு, உங்கள் பெயரில் எடுத்து வையுங்கள். அந்த முடிவுகளைக் கணினி மையத்தின் தலையில் கட்டாதீர்கள். குழாய் அடைப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாணவரின் தேர்வா, ஊழியரின் சம்பளமா என்பதை முடிவு செய்ய எங்களுக்கு எந்தத் தகுதியும் கிடையாது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் ஆர்டிஓ, ஆர்பிஓ என்று இரண்டு எழுத்துக்கூட்டங்களைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. முதலாவது, இந்தச் சேவை இல்லாமல் எத்தனை மணி நேரம் தள்ளலாம் என்ற கேள்வி. இரண்டாவது, கடைசி எத்தனை மணி நேர வேலையை மறுபடி செய்யத் தயார் என்ற கேள்வி. மதிப்பெண் பதிவேட்டுக்கு இரண்டாவது கேள்வியின் விடை ஏறத்தாழ பூஜ்யம். ஒரு நாள் மதிப்பெண் தொலைந்தால் விடைத்தாளைத் தேடி எடுத்து மறுபடி பதிய வேண்டும், அதற்குள் பத்து புகார் வரும். துறையின் இணையப் பக்கத்துக்கு ஒரு வாரம் பழைய பிரதி இருந்தாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் 'நான்கு மணி நேரம்' என்று ஒரே எண்ணைப் போட்டிருந்தால் அந்தப் பட்டியலை யாரும் யோசித்துப் போடவில்லை என்று அர்த்தம். எங்கள் கோப்பில் அப்படித்தான் இருந்தது.

இதில் பல்கலைக்கழகத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. அவர்கள் வங்கிக்கும் தொழிற்சாலைக்கும் செய்த படிவத்தை எடுத்து வருகிறார்கள். வங்கிக்கு எல்லா வேலை நாளும் கிட்டத்தட்ட ஒன்று. நமக்குப் பருவம் உண்டு. மாணவர் சேர்க்கை நடக்கும் மூன்று வாரம் விண்ணப்பத் தளம்தான் உயிர். அது முடிந்ததும் அதே தளம் ஆறு மாதம் தூங்கினாலும் கேட்க ஆளில்லை. தேர்வு வாரத்தில் ஹால் டிக்கெட்டும் இருக்கைப் பட்டியலும், முடிவு வரும் வாரத்தில் மதிப்பெண் பதிவேடு, பட்டமளிப்பு நெருங்கும்போது சான்றிதழ் அச்சிடும் ஒற்றை இயந்திரம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் கெடு நாளில் ஒரு சாதாரணக் கோப்புப் பகிர்வகம் எல்லாவற்றையும் முந்திவிடும். ஆகவே மீட்பு வரிசை என்பது ஒரு பட்டியல் ஆகாது, நாட்காட்டி ஆக வேண்டும். கல்வி நாட்காட்டியை அங்கீகரிக்கிற அதே கூட்டத்தில் இதையும் பக்கத்தில் வைத்து அங்கீகரிக்கலாம். கூடுதலாக அரை மணி நேரம் ஆகும்.

பருவம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து லிங்கன் கல்லூரி ஒரு சாட்சி. 1865-ல் தொடங்கியது. 2021 டிசம்பரில், கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலில், அதன் சேர்க்கை விவரங்களும் நன்கொடையாளர் விவரங்களும் பூட்டப்பட்டன. மார்ச்சில் எல்லாம் திரும்பக் கிடைத்தது. அதற்குள் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான காலம் கையை விட்டுப் போயிருந்தது, எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்றே அதுவரை அவர்களுக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே கொரோனாவில் அடிபட்டிருந்த கல்லூரி. 2022 மே 13-ல் நிரந்தரமாக மூடினார்கள். கோடை விடுமுறையின் நடுவில் அதே பூட்டு விழுந்திருந்தால் கதை வேறாகக்கூட இருந்திருக்கலாம்.

அப்புறம், பேரிடருக்கு விடுமுறை என்றால் கொள்ளை ஆசை. 2019 டிசம்பர் 23 மாலை, கிறிஸ்துமஸுக்கு ஊர் போகும் நேரத்தில், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 267 சர்வர்கள் பூட்டப்பட்டன. கள்ளன் உள்ளே வந்தது அக்டோபரிலேயே, ஒரு போலி மின்னஞ்சல் இணைப்பு வழியாக. இரண்டு மாதம் சாவகாசமாக வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். சில முக்கிய அமைப்புகளின் காப்புப் பிரதிகள் அதே வலைப்பின்னலில் இணைந்தே இருந்ததால் அவையும் சேர்ந்து பூட்டப்பட்டன. கடைசியில் 30 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ, கொடுத்துச் சாவியை வாங்கினார்கள். அதில் ஒரு பகுதியைப் பின்னால் காவல்துறை கைப்பற்றியது. பிட்காயின் விலை ஏறியதால் 2022-ல் அந்தப் பகுதியே சுமார் 5 லட்சம் யூரோ ஆகியிருந்தது. இதை முதலீட்டு யோசனையாக நிதிக்குழு எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது வேறொரு காரணத்துக்காக: 2020 பிப்ரவரியிலேயே ஒரு கருத்தரங்கு நடத்தி, எங்கே தவறினோம் என்ற விசாரணை அறிக்கையை வெளியே வைத்தார்கள். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்வோம்?

காப்புப் பிரதிக்கு வருகிறேன். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு இடத்தில் என்ற பழைய விதியை எல்லோரும் சொல்வார்கள். இன்றைக்கு அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: ஒரு பிரதியாவது வலைப்பின்னலோடு தொடர்பில்லாமல், அல்லது நிர்வாகியே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். மாஸ்ட்ரிக்ட்டின் பாடம் அது. 'வேறு இடம்' என்றால் பக்கத்து அறை இல்லை என்பதற்கு 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் தேஜான் நகரில் நடந்ததைப் பார்க்கலாம். அரசின் தகவல் மையத்தில் யுபிஎஸ் பேட்டரியில் பிடித்த தீ. அரசின் 700-க்கும் மேற்பட்ட அமைப்புகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் இயக்ககம் முழுதாக அழிந்தது. அது மிகப் பெரியது என்பதால் வெளியே பிரதி எடுத்திருக்கவில்லை. மின்தடையிலிருந்து காப்பாற்ற வைத்த பேட்டரியே தீ வைத்தது. உங்கள் சர்வர் அறையில் யுபிஎஸ் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கதவைத் திறந்ததும் சர்வருக்கு ஒட்டினாற்போல நின்றால் இந்த வாரமே பேச வேண்டிய விஷயம் அது.

காப்புப் பிரதி எடுக்கும் ஏற்பாடே காலை வாரிய கதையும் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீத்திறன் கணினியில், பழைய பதிவுகளை மட்டும் அழிக்க வேண்டிய ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். பாதியில் குழம்பிய ஸ்கிரிப்ட் ஆய்வுக் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றில் நான்கு குழுக்களுக்கு மீட்க வழியே இல்லை.

எங்கள் கதை அவ்வளவு பெரிது இல்லை. ஆனால் எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. ஐந்தாம் நாள் ஒரு ஆய்வு மாணவி வந்தார். துறையின் பொதுக் கோப்புறையில் தன் அளவீடுகள் இருந்தன என்றார். காப்புப் பிரதிப் பதிவேட்டைத் திறந்தேன். தினமும் இரவு 1 மணிக்கு, பச்சை நிறத்தில், 'வெற்றி'. மீட்டுத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. எட்டு மாதங்களுக்கு முன்னால் அந்தக் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றியிருந்தோம். பிரதி எடுக்கும் வேலை பழைய முகவரிக்கே போய், அங்கிருந்த காலிக் கோப்புறையை ஒவ்வொரு இரவும் சிரத்தையாகப் பிரதி எடுத்து, வெற்றி என்று எழுதிவிட்டு வந்திருக்கிறது. 240 வெற்றிகள். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி சார், திரும்ப எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு மாத வேலை. அதற்குப் பிறகு மாதம் ஒரு நாள், கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து மீட்டுப் பார்ப்பது என் வழக்கமானது. யாரும் சொல்லிச் செய்ததில்லை. நான் ஓய்வு பெற்றபின் யாராவது செய்கிறார்களா என்று தெரியவில்லை. ஆட்சிக்குழு கேட்டால் செய்வார்கள். 'பேக்கப் இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் பதில் வரும். 'கடைசியாக எதை, எந்தத் தேதியில் மீட்டுப் பார்த்தீர்கள்? எத்தனை மணி நேரம் ஆனது?' என்று கேளுங்கள்.

'எல்லாம் கிளவுடுக்கு, அதாவது வெளி நிறுவனத்தின் சர்வர்களுக்கு, போய்விட்டது, இனி அவர்கள் பாடு' என்று ஒரு பதில் வரும். இயந்திரம் அவர்கள் பாடு, அதில் இருக்கும் தரவு பெரும்பாலும் உங்கள் பாடுதான். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரை விட்டு ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இதையெல்லாம் கணினிப் பிரச்சினை என்று நினைப்பதே முதல் பிழை. பல்கலைக்கழகத்தில் ஈடுசெய்ய முடியாத பல பொருள்கள் சர்வரில் இல்லை. உறைபெட்டியிலும் விலங்குக் கூடத்திலும் நூலக அடித்தளத்திலும் இருக்கின்றன. 2020-ல் அமெரிக்காவின் ரென்சலர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், சுழியத்துக்குக் கீழே 80 டிகிரியில் இருக்க வேண்டிய ஒரு உறைபெட்டி எச்சரிக்கை ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்க ஆள் வரும்வரை தொட வேண்டாம் என்று அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள். சத்தம் தாங்காமல் துப்புரவுப் பணியாளர் ஒருவர், நல்லது செய்வதாக நினைத்து, மின்சுவிட்சைத் தள்ளிவிட்டார் என்பது பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கு. 20 ஆண்டுகளுக்கு மேலான ஆய்வு மாதிரிகள் போய்விட்டன என்றும், இழப்பு 10 லட்சம் டாலருக்குக் குறையாது என்றும் அதில் சொன்னார்கள். அந்தப் பணியாளர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கூவுகிற பெட்டியைப் பார்த்தால் யாரை அழைக்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அடித்தளம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது ஒரு நடுக்கம். 2001 ஜூனில் அலிசன் புயல் ஹூஸ்டனில் கொட்டிய மழையில், அங்கிருந்த மருத்துவக் கல்வி நிறுவனங்களின் அடித்தளக் கூடங்களில் ஆய்வு விலங்குகள் ஆயிரக்கணக்கில் மூழ்கின. நாடெங்கும் பேசப்பட்ட செய்தி அது. 11 ஆண்டு கழித்து, 2012 அக்டோபரில், சாண்டி புயலின்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் மறுபடியும் அடித்தளம், மறுபடியும் வெள்ளம், மறுபடியும் ஆயிரக்கணக்கில் எலிகள். மாறாக, 2021 ஏப்ரல் 18-ல் கேப் டவுன் பல்கலைக்கழக நூலகத்தின் ஜாகர் வாசிப்பறை எரிந்தபோது தீத்தடுப்புக் கதவுகள் தாமாக இறங்கி, அடித்தளத்தில் இருந்த சேகரிப்பின் பெரும்பகுதியைத் தீயிலிருந்து காத்தன. பிறகு தீயை அணைக்க அடித்த தண்ணீர் அங்கே இறங்கியது, நனைந்த தாள்களை எடுத்துக் காயவைக்கத் தன்னார்வலர்கள் வரிசையில் நின்றார்கள். வாசிப்பறை போனது, எல்லாமே போகவில்லை. எப்போதோ யாரோ கையெழுத்திட்டு வாங்கி வைத்த கதவு அது.

அதிகாரம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் துணைவேந்தர் விமானத்தில் இருந்த அந்த ஏழு மணி நேரம் பல்கலைக்கழகத்துக்குத் தலை இல்லை. தேர்வை ஒத்திவைப்பது, வளாகத்தை மூடுவது, அவசரக் கொள்முதல் செய்வது, வெளியே பேசுவது இந்த நான்குக்கும் முதல் ஆள் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார், அவரும் கிடைக்காவிட்டால் யார் என்று ஒரு தீர்மானம் போதும். ஒரே பக்கம். ஆட்சிக்குழுவைத் தவிர வேறு யாராலும் அதைப் போட முடியாது. 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய ஆகஸ்ட் 27 அன்றே அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்த ஊரில் ஒருவர் அந்த முடிவை எடுக்க வேண்டும். இரண்டு நாளில் ஊர் மூழ்கியது. அந்தப் பருவம் முழுக்க வகுப்பு இல்லை, நிர்வாகம் ஹூஸ்டனிலிருந்து நடந்தது, மாணவர்களை நூற்றுக்கணக்கான மற்ற பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டன. 2006 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். அப்படி ஒரு கை கொடுக்கும் உடன்பாடு உங்களுக்கு யாரோடு இருக்கிறது? பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு தேர்வுக்கூடம் பகிர்ந்துகொள்ள ஒரு கடிதமாவது?

எல்லாம் நின்ற பிறகு காகிதம்தான் மிஞ்சும் என்பதையும் ஒப்புக்கொண்டு தயாராக வேண்டும். 2019 டிசம்பரில் ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழகம் தாக்கப்பட்டபின் சுமார் 38,000 பேருக்கும் புதிய கடவுச்சொல் தேவைப்பட்டது. மாணவரும் பேராசிரியரும் அடையாள அட்டையோடு உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையில் நின்று, அச்சிட்ட தாளில் வாங்கிப் போனார்கள். சிரிப்பதற்கில்லை. வரிசையை யார் ஒழுங்குபடுத்துவது, கூடத்துச் சாவி யாரிடம், தாள் எங்கே அச்சிடுவது என்று அவர்கள் வேகமாக முடிவு செய்தார்கள். நம் அச்சுப்பொறிகள் எல்லாமே வலைப்பின்னலில்தான் இருக்கின்றன.

பணம் கேட்கப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் கேட்கத்தான் வேண்டும், வேறு இடத்தில் வைக்கும் பிரதி சும்மா வராது. ஆனால் முதல் ஆண்டுக்கு நான் கேட்பது உங்கள் நேரத்தில் ஒரு சனிக்கிழமை. தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் இருந்தால் நல்லது. ஒரு மேசையைச் சுற்றி உட்காருங்கள். யாராவது ஒருவர் உறையைப் பிரித்துப் படிக்கட்டும்: 'வெள்ளி இரவு 11.40. சேமிப்பகம் போய்விட்டது. திங்கள் காலை தேர்வு.' துணைவேந்தரின் கைபேசியை வாங்கி அணைத்து வையுங்கள், அவர் பார்வையாளர் மட்டும். திட்டக் கோப்பைக் கணினி இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள எண்களுக்கு உண்மையிலேயே அடித்துப் பாருங்கள். பக்கத்து அறையில் கணினி மையம் ஒரு மாணவரின் மதிப்பெண் பதிவை மீட்டுக் காட்டட்டும், கடிகாரம் ஓடட்டும். நிதிப்பிரிவின் அந்த இளநிலை உதவியாளரைக் கூப்பிடுங்கள். விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவரையும் கூப்பிடுங்கள். மூன்று மணி நேரத்தில் உங்கள் 84 பக்கத்தில் எத்தனை பக்கம் மிஞ்சும் என்று தெரிந்துவிடும். எங்கள் முதல் பயிற்சியில், நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஐந்து பக்கம் மிஞ்சியது. அந்த ஐந்து பக்கம் நன்றாக இருந்தது.

இரவுக் காவலாளியையும் கூப்பிடுங்கள். எங்கள் பயிற்சிக்கு அவரை அழைக்க மறந்துவிட்டோம். முடிந்தபின் நானே அவர் அறைக்குப் போனேன். பட்டமளிப்பு விழாவுக்காக வளாகம் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். சுவர் பளிச்சென்று இருந்தது. பையில் இருந்த பென்சிலை எடுத்து அதே இடத்தில், எனக்கு அடுத்துப் பொறுப்பேற்க இருந்தவரின் எண்ணை எழுதிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
கணினி மையத்தில் 22 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவன்